பதினாறாம் நாள் சூப்பு

பத்திரகாளி கொல்லைப்புறமாக வந்ததிலேயே விஷயம் பாதி விளங்கிவிட்டது சுகுணாவுக்கு. அண்ணன் வீட்டுக் கால் எதுவும் இந்த வீட்டு வாசலை மிதித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

மாசி மாத வெயில். பகல் பதினொரு மணி. வந்தவள் பின்கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஏட்டி சுகுணா, யாரும் பாத்திரப் போறாவ."

"பாத்தா என்ன மதினி? நான் என்ன சாராயமா காய்ச்சுதேன்? சூப்புதானே காய்ச்சுதேன்."

அடுப்பில் மண்சட்டி. அதற்குள் கோழிக்காலும் நிலக்கடலையும் இரண்டு மணி நேரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மூடியின் ஓரத்தில் கசிந்த ஆவியை பத்திரகாளி மூக்கை உயர்த்தி இழுத்தாள். அப்படியே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க அண்ணனுக்கு டைபாய்டு வந்தது தெரியும்லா? திருநெல்வேலி ஆசுபத்திரியில மூணு வாரம். காய்ச்சல் போயிட்டு. ஆனா வாய்க்குள்ள ஒண்ணும் இறங்க மாட்டேங்கு. கஞ்சி மண்ணு மாதிரி இருக்குங்காவ. இட்லியைத் துப்புதாவ. வேட்டி இடுப்புல நிக்கலட்டி. நம்ம பூங்கொடி பிள்ளை பெத்துப் படுத்த படுக்கையா கிடந்தவ, உன் சூப்பைக் குடிச்சுத்தான் எந்திரிச்சான்னு ஊரே சொல்லுது…"

சுகுணா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகக் கொதி கண்டது. அது இரக்கம் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், குளத்தூர் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த சாமித்துரையை அவள் கட்டிக்கொண்டது அண்ணன் லிங்கராஜுக்குப் பிடிக்கவில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர் அவர். 'உப்பளத்தான்' என்றுதான் மச்சானைச் சொல்வார். பெயர் சொன்னால் நாக்கு வெந்துவிடும்போல. கல்யாணமான மூன்றாம் மாசமே உப்பு லாரி கவிழ்ந்து சாமித்துரை போய்ச் சேர்ந்தான்.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் தட்டில் வைத்து எடுத்து வந்து தோளில் போர்த்த வேண்டும். நேற்றுவரை பேசாதவன்கூட அன்றைக்கு வந்துவிடுவான். தெருவே காத்துக்கொண்டு நின்றது. வந்தது தங்கச்சாமி மட்டும்தான். கடலை மிட்டாய்க் கடைக்காரர், தூரத்துச் சொந்தம். தட்டில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"என்னம்மா சொல்ல? 'அந்த உப்பளத்தான் வீட்டு உப்பு என் நாக்குல என்னிக்குப் படுதோ, அன்னிக்கு நானே கோடி கொண்டு வாரேன். இது பூவனநாதர் மேல சத்தியம்'னு கடைவாசல்ல நாலு பேர் முன்னால சொல்லிட்டாரு."

பதினாறு நாள் துக்கத்துக்கும் பிறந்த வீட்டு நிழல்கூட எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரி இரக்கப்பட்டுத் தன் பழைய சேலை ஒன்றைப் போர்த்தினாள். அடுத்தவள் சேலையில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை, அதற்கப்புறம் சிங்கப்பூரில் சீனர் வீட்டுச் சமையற்கட்டில் நின்ற ஒன்பது வருஷமும் சுகுணா மறக்கவில்லை.

"காய்ச்சித் தாரேன் மதினி," என்றாள்.

பத்திரகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. உப்பு மட்டும் நீ போட்டிராத. அவிய சத்தியம் உனக்கே தெரியும். உப்பு நான் எங்க வீட்டுல போட்டுக்கிடுதேன். அப்ப அது எங்க வீட்டுச் சாப்பாடுதானே? சாமிக்கும் கணக்குச் சரியாப் போயிரும்."

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சீனாக்காரவிய பக்குவமே அதுதான் மதினி. எல்லாம் வெந்து இறக்கின பிறகுதான் உப்பு. முதல்லயே போட்டா கறி விறைச்சுக்கிடும், எலும்புல இருக்கிற ருசி இறங்காது. நான் உப்பில்லாமலே தாரேன்."

"இன்னொண்ணு… கோவிச்சுக்கிடாத. கொடுக்கிறதுக்கு முந்தி நீ ஒரு வாய் குடிக்கணும்."

"விஷம் வச்சிருவேன்னா?"

பத்திரகாளி தரையைப் பார்த்தாள்.

"தினமும் ரெண்டு வாய் குடிக்கேன் மதினி. பதினாறு நாளைக்குத் தாரேன். அதுக்குள்ள எந்திரிச்சு நடப்பாவ. நான் காய்ச்சினதுன்னு மட்டும் சொல்லாதீய."

"ஐயோ, நான் எதுக்குச் சொல்லுதேன்? டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பக்குவம், நானே காய்ச்சினேன்னு சொல்லிக்கிடுதேன்!"

மதினியின் முகத்தில் அழுகை போய் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. தூக்குவாளியோடு அவள் பின்கதவைத் தாண்டியதும், சுகுணா சமையற்கட்டு மூலையில் இருந்த மண்பானையை இழுத்தாள்.

உள்ளே உப்பு. சாமித்துரை கடைசியாக அளத்திலிருந்து சுமந்து வந்த கல்லுப்பு. சமைக்க மனசு வராமல் மூடி வைத்தது. பதினோரு வருஷத்தில் இறுகிப் பாறையாகியிருந்தது. உலக்கையால் ஓங்கி ஒரு குத்து. ஒரு மூலை உடைந்தது. அழுக்கு வெள்ளையாக, ஓரத்தில் மண்நிறம் படிந்து கிடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிப்பு குறையவில்லை.

அன்று மாலையே சந்தைக்குப் போய் நான்கு கட்டு முள்ளங்கிக் கீரை வாங்கினாள். சிங்கப்பூரில், தோ பாயோவில் அவள் சமைத்த லிம் அம்மா வீட்டில் இந்த ஊறுகாயைக் கடுகுக் கீரையில் செய்வார்கள். இங்கே அதற்கு எங்கே போவது? முள்ளங்கி இலை போதும். ஒரு வெயில் வாட்டி, உடைத்த உப்பைப் போட்டுப் பிசைந்து, பீங்கான் சாடியில் அமுக்கி, மேலே கழுவிய கல்லை ஏற்றினாள். சாடியின் வாயை சாமித்துரையின் பழைய வேட்டித் துண்டால் கட்டினாள். நைந்த துணி, முடிச்சுப் போடும்போதே விரல் வழியே கிழிந்தது. இழுத்துக் கட்டினாள்.

கீரை உப்பில் ஊறிப் புளித்துப் பக்குவமாகப் பதினைந்து நாள் ஆகும். பதினாறாம் நாள் அது சட்டியில் இறங்கும்.

மறுநாளிலிருந்து சுகுணாவின் அடுப்பு அணையவில்லை.

முதல் இரண்டு நாள் நாட்டுக்கோழி. எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு, நுரையும் அழுக்குமாக வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு புதுத் தண்ணீரில் இஞ்சித் துண்டோடு போட்டாள். ஒரு கொதி வந்ததும் தீயை இழுத்துவிட்டு மூன்று மணி நேரம் மூடியைத் தொடவில்லை. சிவப்பாக, சுருங்கிக் கிடக்கும் சீனத்துப் பேரீச்சை நான்கைந்து போட வேண்டும். பெயர்தான் பேரீச்சை, அது நம்ம ஊர் இலந்தையின் பெரிய சாதி. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் மூன்றாம் நாளே தீர்ந்தது. கரிசல் காட்டு இலந்தைப்பழத்தைக் காயவைத்துப் போட்டாள். லேசான இனிப்பு, அடியில் ஒரு புளிப்பு. அசலைவிட நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் பத்திரகாளி ஓடிவந்தாள்.

"ஏட்டி! இன்னொரு தம்ளர் கேட்டாவ!"

ஐந்தாம் நாள் தடியங்காய் என்கிற வெள்ளைப்பூசணியும் ஆட்டெலும்பும். ஏழாம் நாள் தாமரைக்கிழங்கு. எட்டாம் நாள் பானைக்குள் பானை வைத்து, வெளிப்பானைத் தண்ணீர்ச் சூட்டிலேயே உள்பானைக் கோழி கரைகிற பக்குவம். அதற்கு நான்கு மணி நேரம் காவல். வெளித்தண்ணீர் வற்ற வற்ற வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுகுணா முக்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றினாள்.

ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தவறாமல் செய்தாள். சூப்பில் கைவைக்கும் முன் முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்கில் ஒரு துணுக்கு உப்பு ஒட்டியிருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் அவர் நாக்கில் பட்டு என்ன பிரயோஜனம்? பட வேண்டும். படும்போது ஊர் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் லிங்கராஜ் முற்றத்தில் நடந்தார். பதினோராம் நாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கணக்குப்பிள்ளையை வைதுவிட்டு வந்தார். அதையெல்லாம் பத்திரகாளி சினிமாக் கதை மாதிரிச் சொன்னாள். அந்த உற்சாகத்தில் வாய் தவறி இன்னொன்றையும் சொல்லிவிட்டாள்.

"நேத்து யாரோ உன் பேச்சை எடுத்தாவ. அதுக்கு உங்க அண்ணன், 'அவளா? சீனாக்காரன் எச்சில் கோப்பையைக் கழுவிட்டு வந்தவதானே? உப்பளத்தான் பொண்டாட்டிக்கு வேற என்ன கெடைக்கும்?'னாவ. எனக்கே ஒரு மாதிரியா போச்சுட்டி…"

சுகுணா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குரல் கணீர்னு வந்ததா மதினி?"

"வந்தது. நல்லா வந்தது."

"அப்ப சூப்பு வேலை செய்யுது."

அவள் காய்ச்சிக் கொடுத்த தெம்பிலேயே அவளை வைகிறார். நல்லது. முழுத் தெம்பும் வரட்டும். ஆசுபத்திரிக் கட்டில்காரனிடம் பழி தீர்த்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நிமிர்ந்து நிற்கிற மனுஷனின் கழுத்துதான் வேண்டும் அவளுக்கு.

பன்னிரண்டாம் நாள் ஆபத்து வந்தது. வாளிக்காகக் காத்திருந்த பத்திரகாளியின் கண் சாடியில் விழுந்தது. குனிந்து மோந்து பார்த்தாள்.

"இது என்னட்டி? உப்பும் புளிப்புமா ஒரு வாடை அடிக்கு?"

"ஊறுகாய் மதினி. சீனாக்கார ஊறுகாய். உப்பில்லாம சீனியா போடுவாவ?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். கஞ்சிக்குத் தொட்டுக்கிட. ஒரு இணுக்கு வேணுமா?"

"ஐயே, மாட்டுக்கு வச்ச தழை கணக்கா இருக்கு," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாள். சுகுணா விட்ட மூச்சில் அடுப்புச் சாம்பல் பறந்தது.

பதினான்காம் நாள் இன்னொரு இடி.

"சனிக்கிழமை தலைக்குத் தண்ணி ஊத்துதோம். சொந்தபந்தம் எல்லாம் வாராவ, நாப்பது இலை. கறிச்சோறு இருக்கு. அதனால அன்னிக்குச் சூப்பு வேண்டாம்ட்டி. நாளையோட நிறுத்திக்கிடலாம்."

சனிக்கிழமைதான் பதினாறாம் நாள்.

சுகுணா நிதானமாகச் சட்டியை மூடினாள். "உங்க இஷ்டம் மதினி. ஆனா காய்ச்சல் கண்ட உடம்புல தலைக்கு ஊத்துன அன்னிக்குக் கட்டாயம் வாத்து சூப்பு குடுக்கணும். உள்சூடு அதுலதான் தணியும். லிம் அம்மா வீட்டுல அந்த ஒரு நாளை விட்டுட்டு, ஒரு பெரியவருக்கு மறுபடியும் காய்ச்சல் திருப்பிக்கிட்டு…"

அப்படி ஒரு பெரியவர் லிம் அம்மா வீட்டில் இருந்ததே இல்லை. ஆனால் பத்திரகாளியின் முகம் வெளுத்துவிட்டது.

"யம்மா, வேண்டாம் வேண்டாம்! காய்ச்சிரு. நான் வந்து வாங்கிட்டுப் போறேன்."

திருநெல்வேலிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்த வாத்து. வெள்ளிக்கிழமையே ஆள்விட்டு வாங்கினாள். சனிக்கிழமை விடிந்ததும் சாடியைத் திறந்தாள். கீரை பொன்னும் பச்சையுமாக நிறம் மாறியிருந்தது. கட்டியிருந்த வேட்டித் துண்டு கையோடு நூல்நூலாக வந்துவிட்டது. அதை மடித்து மாடக்குழியில் வைத்தாள்.

எவ்வளவு கீரை என்பதில்தான் சூட்சுமம். மதினி வழக்கம்போல் ஒரு சிட்டிகை போடுவாள். அந்தச் சிட்டிகைக்கு முன்னால் சூப்பு இதமாக இருக்க வேண்டும், பின்னால் கரிக்க வேண்டும். மதினிக்கு எதிரில் இரண்டு வாய் குடித்துக் காட்டும்போது தன் முகம் மாறவும் கூடாது. நான்கு தடவை கீரையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து அளவைப் பிடித்தாள்.

பத்தே முக்காலுக்கு பத்திரகாளி பட்டுச்சேலையில் வந்து வாளியை வாங்கிக்கொண்டு பறந்தாள். அவசரத்தில் வாளிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சுகுணா முகம் கழுவினாள். நல்ல சேலை உடுத்தினாள். உப்புக் கட்டி ஒன்றை முந்தானையில் முடிந்தாள். முன்வாசலைத் திறந்து தெருவில் இறங்கினாள். இரண்டு தெரு தாண்டினால் அண்ணன் வீடு. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

பந்தலில் கூட்டம். நடுவில் நாற்காலியில், தலை ஈரம் காயாமல், நெற்றி நிறைய விபூதியோடு லிங்கராஜ். பக்கத்தில் தங்கச்சாமி.

"என் வீட்டுக்காரி காய்ச்சின சூப்புவே இது!" லிங்கராஜின் குரல் வாசல்வரை கேட்டது. "டாக்டர் கைவிட்டாலும் இவ விடல. ஏட்டி, கொண்டா!"

பத்திரகாளி தம்ளரை நீட்டினாள். அவருக்கு ஆற வைத்துக் குடிக்கிற பழக்கம் கிடையாது, ஒரே மூச்சுதான். தொண்டைக்குழி நான்கு தடவை ஏறி இறங்கியது. ஐந்தாவதில் நின்றது. முகம் சுளித்தார்.

"என்னட்டி இது, உப்பை அள்ளிக் கொட்டிட்டியா?"

"நான் ஒரு சிட்டிகைதானே போட்டேன்?"

"கரிக்கு, ஏட்டி!"

"மீதி உப்பு என்னுது, அண்ணாச்சி."

பந்தல் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது. 'அண்ணே' என்று கூப்பிட வேண்டியவள், கடைக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"நீ… நீ எங்கட்டி இங்கன வந்த?" லிங்கராஜ் எழுந்தார். பதினாறு நாள் சூப்பு அவரைச் சட்டென்று எழ வைத்தது.

"உங்க சத்தியத்தை ஞாபகப்படுத்த வந்தேன். பதினாறு நாளா நீங்க குடிச்சது என் அடுப்புச் சூப்பு. மதினியையே கேளுங்க."

பத்திரகாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தே விட்டாள். "உப்பு நான்தாங்க போட்டேன்! தினமும் நம்ம வீட்டு உப்புதான்! அவ உப்பில்லாமத்தான் தந்தா!"

"பதினஞ்சு நாளும் மதினி சொல்லுதது நிஜம். இன்னிக்குத் தம்ளருக்கு அடியில கீரை கிடக்கும், பாருங்க. அவிய கடைசியாச் சுமந்துட்டு வந்த உப்புல ஊறின கீரை." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உப்புக் கட்டியை எல்லோரும் பார்க்க உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இந்த உப்பு."

தங்கச்சாமி தம்ளரை வாங்கிச் சரித்துப் பார்த்தார். பொன்பச்சையாக ஒரு இணுக்கு ஒட்டியிருந்தது.

"கீரையில இருக்கிறதெல்லாம் ஒரு உப்பா?" லிங்கராஜ் சிரிக்கப் பார்த்தார். "ஊறுகாய்ச் சாறு! அது எப்படிக் கணக்குல சேரும்?"

"ஏம்ய்யா," என்றார் தங்கச்சாமி. "அன்னிக்குச் சத்தியம் பண்ணும்போது பச்சை உப்பு, ஊறின உப்புன்னு பிரிச்சா சொன்னீரு? நாக்குல பட்டான்னுதானே சொன்னீரு? நான்லா அந்தச் சொல்லைச் சுமந்துட்டுப் போயி, அந்தப் பிள்ளை முன்னால நின்னேன்! இப்ப கரிக்குன்னு நாப்பது பேர் கேக்கச் சொன்னது யாரு?"

பந்தலில் யாரோ 'களுக்' என்றார்கள். அது பரவியது.

"அது அந்த உப்பளத்தான் உப்புன்னு யாருக்குடா தெரியும்? இவ பொய் சொல்லுதா!"

சுகுணா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"செண்பகவல்லி அம்மன் மேல சத்தியம், இது அவிய உப்பு. என் சத்தியத்தை நம்ப மாட்டீயன்னா, உங்க சத்தியத்தை இந்த ஊரு எதுக்கு நம்பணும்? நாளைக்கு உங்க வாய்ச்சொல்லை வச்சு எவன் ஒரு பண்டல் குச்சி தருவான்?"

சிரிப்பு நின்றுவிட்டது. சொந்தக்காரர்களுக்கு நடுவே குச்சி வியாபாரிகளும் அட்டை வியாபாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் லிங்கராஜின் வாயையே பார்த்தார்கள்.

அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாசலைத் திறந்து வைக்கேன், அண்ணாச்சி," என்றாள் சுகுணா.

மறுநாள் பத்து மணி. வெயில் தெருவை விரித்துப் போட்டிருந்தது. தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, மடிப்புக் கலையாத சேலை. லிங்கராஜ் அதைத் தானே சுமந்து நடந்து வந்தார். பின்னால் பத்திரகாளி, கையில் தூக்குவாளி, பழக்க தோஷம். எந்த வீட்டு வாசலும் காலியாக இல்லை. எதிர்வீட்டுக்காரி நாற்காலி போட்டே உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் நின்ற சுகுணாவின் தோளைத் தேடி அவர் சேலையை எடுத்தார்.

"போர்த்த வேண்டாம். தட்டுலயே இருக்கட்டும்."

அவள் உள்ளே போய்ச் சாடியைத் தூக்கிவந்து வாசற்படியில் வைத்தாள். புதிதாகக் கீரை அமுக்கி, கல் ஏற்றிய சாடி. வாய் கட்டவில்லை. தட்டிலிருந்த சேலையை எடுத்தாள், உதறினாள், ஓரத்தைப் பல்லில் கடித்தாள்.

டர்ர்ர்ர்.

தெருக்கோடிவரை கேட்டது. ஒரு முழத் துண்டு. அதைச் சாடியின் வாயில் போட்டு இழுத்துக் கட்டினாள்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி வந்திருந்தா தோள்ல விழுந்திருக்கும், அண்ணாச்சி. இப்ப சாடிக்குத்தான் ஆகும்."

சேலை போன தாம்பாளத்தோடு லிங்கராஜ் நின்றார். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் உள்ளே அடுப்பில் சட்டி மூடி தடதடத்தது. கோழி, இஞ்சி, இலந்தை. பதினாறு நாளாக மணி பதினொன்றுக்கு அவர் உடம்பு எதிர்பார்த்துப் பழகிய வாசனை. நேற்று மத்தியானக் கறிச்சோற்றைக்கூட அவர் பாதியில் தள்ளிவிட்டதாக ஊருக்கே தெரியும்.

பத்திரகாளி மெல்ல வாளியை நீட்டினாள்.

"இனி வாளியில ஊத்தி அனுப்புத வேலை கிடையாது மதினி. வேணுங்கிறவிய உள்ள வந்து, இங்கன தரையில உக்காந்து குடிக்கட்டும். உப்பும் நான்தான் போடுவேன்."

அண்ணனின் தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்குவதை சுகுணா பார்த்தாள்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தத் தலையும் உள்ளே போகவில்லை. தாம்பாளத்தைப் படியில் வைத்தார். வலது செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு இடதையும்.

சுகுணா பலகை போடவில்லை. வெறுந்தரையில் தம்ளரை வைத்தாள், சூப்பை ஊற்றினாள், சாமித்துரையின் உப்புப் பானையை அவர் கண்ணெதிரே இழுத்து வைத்துக் கையை உள்ளே விட்டாள்.

"எவ்வளவு போடட்டும்?"

வெளியே எதிர்வீட்டுக்காரி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"போடு," என்றார் லிங்கராஜ், தரையைப் பார்த்துக்கொண்டே.

"எவ்வளவுன்னு கேட்டேன், அண்ணாச்சி. வாசல்ல இருக்கிறவியளுக்குக் கேக்கணும்."

"உன் இஷ்டம்மா," என்றார் அவர், குரல் கணீரென்று. நல்ல தெம்பான குரல்.